தாத்தா வீட்டுப் பரணில் கிடைத்த பழைய பட்டாளத் துப்பாக்கி: சுவரில் மாட்டலாமா, விற்கலாமா?

கேள்வி இதுதான். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய தாத்தா ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அந்தப் பழைய வீட்டை ஹோம்ஸ்டேயாக மாற்றப் பரணைச் சுத்தம் செய்தபோது, சாக்கில் சுற்றிய நீளமான துப்பாக்கி ஒன்று கிடைத்திருக்கிறது. பக்கத் தகட்டில் ஒரு கிரீடம், அதன் கீழே வி.ஆர்., முன்னால் 1859, டவர் என்று பொறித்திருக்கிறது. நூறு வருடம் தாண்டிய துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்கிறார்களே, சரியா? வரவேற்பறையில் மாட்டலாமா? பெங்களூரில் ஒருவர் நல்ல விலை தருவதாகச் சொல்கிறார், வெளிநாட்டில் ஆள் இருக்கிறதாம். கொடுக்கலாமா? ஜோடியாக மாட்ட ஒரு பழைய .303 பட்டாள ரைபிள் வாங்கித் தருவதாக நண்பர் சொல்கிறார். வாங்கலாமா?

தம்பி, சட்டம், விலை எல்லாம் அப்புறம் பேசலாம். நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தில் குதிரை, அதாவது விசையை இழுத்ததும் அடிக்கும் சுத்தியல் பாகம், பாதி தூக்கியபடி நிற்கிறது. அந்தத் துப்பாக்கி மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டித்தபடி இருக்கிறதா, காலியா என்று யாராவது பார்த்தார்களா?

நான் ராணுவத்தில் தளவாடங்களைப் பழுது பார்க்கும் இ.எம்.இ. பிரிவில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவனாக, 22 வருடம் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்று அஸ்தம்பட்டிக்கு வந்த பிறகு, பழைய துப்பாக்கி கிடைத்தால் வந்து பாருங்கள் என்று கூப்பிடுபவர்களுக்காக மலைக்கும் கீழுக்கும் போய் வருகிறேன். வாழவந்திப் பக்கம் ஒரு வீட்டில் இதே மாதிரி ஒன்றை மூலையில் சாய்த்து வைத்திருந்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு தலைமுறையாக அதை வைத்துத் திருடன் போலீஸ் விளையாடியிருக்கிறார்கள். நான் குழலில் கம்பியை விட்டுப் பார்த்தேன். அடி வரைக்கும் போக வேண்டிய கம்பி நாலு விரல் கடைக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக் ஒருவரை வரவழைத்துப் பிரித்தோம். முதலில் துணித் திரி, பிறகு ஈயக் குண்டு, கடைசியில் கறுப்பு மருந்து. அவர் அதில் ஒரு சிட்டிகையை முற்றத்துக் கல்லில் வைத்துத் தீக்குச்சி காட்டினார். நேற்று இடித்த மருந்து போலப் புஸ்ஸென்று எரிந்தது. அந்த வீட்டு அம்மா அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். வெடியுப்பு, கந்தகம், கரி கலந்த மருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருடமானாலும் கெடாது. குண்டைத் துணியோ காகிதமோ வைத்து இறுக்கியிருந்தால் தலைகீழாகக் கவிழ்த்தாலும் கீழே விழாது.

அதனால் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. குதிரையைத் தொடாமல், துப்பாக்கியைப் படுக்கை வாட்டில், வாய் ஆளில்லாத மண்சுவர்ப் பக்கம் இருக்கும்படி வையுங்கள். குழலுக்கு அடியில் செருகியிருக்கும் கெட்டிக்கும் கம்பியை, பழைய ஆட்கள் கஜக்கோல் என்பார்கள், வாய்க்கு நேரே நிற்காமல் பக்கவாட்டிலிருந்து மெதுவாக உள்ளே விடுங்கள். குத்தக் கூடாது. அது நிற்கும் இடத்தில் வாயோரம் ஒரு அடையாளம் வைத்து வெளியே எடுத்து, குழலின் வெளிப்பக்கமாக வைத்து அளந்து பாருங்கள். தொப்பி (குதிரை அடித்ததும் பொறி கிளப்பும் சின்ன உலோக மூடி) மாட்டும் முலை இருக்கும் இடம் வரைக்கும் கம்பி போயிருக்க வேண்டும். குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. துருவாகவும் இருக்கலாம், மருந்தாகவும் இருக்கலாம். எதுவானாலும் நீங்கள் எடுக்க முயல வேண்டாம். அறையைப் பூட்டிவிட்டுப் போலீஸுக்குச் சொல்லுங்கள்.

சரி, இப்போது சட்டம். நூறு வருடம் தாண்டினால் லைசென்ஸ் வேண்டாம் என்பது இரண்டு வெவ்வேறு சட்டங்களைக் குழப்பிக்கொள்வதால் வரும் பேச்சு. 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்தில்தான் நூறு வருடக் கணக்கு வருகிறது. அதுவும் பொருளைத் தொல்பொருள் என்று கட்டுப்படுத்துவதற்காக, விடுவிப்பதற்காக அல்ல. துப்பாக்கிக்கு 1959-ஆம் வருட ஆயுதச் சட்டம். அதன் 45-ஆவது பிரிவில் ஒரு விலக்கு உண்டு. பழைய மாதிரி ஆயுதமோ, தொன்மை மதிப்புள்ளதோ, பழுதாகிப்போனதோ, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாத நிலையில் இருந்தால் அந்தச் சட்டம் அதற்குப் பொருந்தாது. இதில் வருடக் கணக்கே இல்லை. 'பழுது பார்த்தாலும்' என்ற சொல்லைத்தான் எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். உங்கள் துப்பாக்கியில் குதிரை, முலை, குழல் மூன்றும் இருக்கின்றன. முலையில் ஒரு தொப்பி, குழலில் மருந்தும் குண்டும், அவ்வளவுதான் அதற்கு வேண்டியது. சேர்வராயன் மலையில் காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கிக்கும் இதற்கும் வேலை செய்யும் முறையில் வித்தியாசம் கிடையாது. 160 வருடம் பழையது என்று நீங்கள் சொன்னால், சுடுமா சுடாதா என்றுதான் ஸ்டேஷனில் கேட்பார்கள். அவர்கள் கேட்பதில் தவறும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. 2020 பிப்ரவரியில் ஆயுத விதிகளைத் திருத்தினார்கள். கியூரியோ, அதாவது பழமைக்காக வைத்துக்கொள்ளும் அரும்பொருள், என்ற வகையில் சேரும் சிறு ஆயுதங்களை இந்தியக் குடிமக்கள் வாங்கவும் வைத்திருக்கவும் லைசென்ஸ் தேவையில்லை என்று வந்தது. உங்களைப் போன்றவர்களுக்கு இது உண்மையிலேயே நல்ல செய்தி. ஆனால் அதே திருத்தத்தில், அதைப் பயன்படுத்தவோ கையில் எடுத்துச் செல்லவோ ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகவோ உரிய லைசென்ஸ் வேண்டும் என்றும் இருக்கிறது. ஃபேர்லேண்ட்ஸ் வீட்டுக்குக் காரில் கொண்டுவரப் போவதாக எழுதியிருக்கிறீர்களே, தயவுசெய்து வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் செக்போஸ்டில் வண்டியை நிறுத்தினால், டிக்கியில் இருப்பது கியூரியோ என்று அந்தக் காவலருக்கு நீங்கள் எதைக் காட்டிப் புரியவைப்பீர்கள்? பஸ் பார்சல், கூரியர் பக்கமும் போகாதீர்கள். துப்பாக்கி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், ஆட்கள் அங்கே வரட்டும்.

அது கியூரியோதான் என்று நீங்களோ நானோ சொல்வது போதாது. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய லைசென்ஸ் புத்தகம் இருக்கிறதா என்று தேடுங்கள். அந்தக் காலத்து எஸ்டேட் ஆட்கள் காகிதத்தைப் பத்திரப்படுத்துவதில் கெட்டிக்காரர்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது. லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால், வாரிசுகள் தாமதிக்காமல் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று 21-ஆவது பிரிவு சொல்கிறது. ஒப்படைப்பது என்றால் பறிகொடுப்பது இல்லை. ரசீது வாங்கிக்கொண்டு, வாரிசு முறையில் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். ஏற்காடு என்பதால் கலெக்டர் அலுவலகம். சேலம் மாநகர எல்லைக்குள் என்றால் போலீஸ் கமிஷனர் அலுவலகம். உங்கள் பெயரில் ஏற்கெனவே லைசென்ஸ் துப்பாக்கி இருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டுதான் உச்சம், வாரிசாக வருவதையும் சேர்த்து.

விண்ணப்பத்தில் ஒரு பழைய துப்பாக்கி என்று மொட்டையாக எழுதாதீர்கள். மொத்த நீளம், குழல் நீளம், பொறிப்புகள் ஒவ்வொன்றும், எங்கே எப்படிக் கிடைத்தது, எந்தத் தேதியில் யார் பார்த்தார்கள், எல்லாவற்றையும் எழுதிப் படம் இணையுங்கள். ரசீதிலும் அந்தப் பொறிப்புகள் வரும்படி கேட்டு வாங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படிச் செய்யாமல் விட்டது. இரண்டு வருடம் கழித்து அவர்கள் கைக்கு வந்தது வேறு துப்பாக்கி. காகிதத்தில் 'ஒரு நாட்டுத் துப்பாக்கி' என்று மட்டுமே இருந்ததால் பேசவே முடியவில்லை. அதைவிடக் கொடுமை, பயந்துபோய் ராத்திரியோடு ராத்திரியாகக் கிணற்றில் போட்டுவிடுவது. அப்படிப் போட்ட இரண்டு வீடுகளை எனக்குத் தெரியும். ஒரு மனுவோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு ஆறுவதில்லை.

உங்கள் கையில் இருப்பது என்ன என்று சொன்னால் என் ஆதங்கம் புரியும். மூன்று வளையம் போட்டுக் குழலை மரக்கட்டையோடு பிடித்திருக்கிறது, கட்டையின் அடித்தகடும் விசைக்காப்பும் பித்தளை, 1859, டவர் என்ற லண்டன் ஆயுதக் கிடங்கின் முத்திரை. இது ஆங்கிலப் படையின் '1853 மாதிரி' (பேட்டர்ன்) என்ஃபீல்ட் குடும்பம். 1857-இல் எந்தத் தோட்டாவில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது என்று சிப்பாய்கள் கொதித்தெழுந்தார்களோ, அந்தத் தோட்டா இந்த மாதிரித் துப்பாக்கிக்குத்தான் வந்தது. அசல் 1853 மாதிரியின் குழலுக்குள் மூன்று வரிகள், அதாவது வெட்டிய பள்ளங்கள், சுழன்று போகும். துளை .577 அங்குலம். வரி இருப்பதால் குண்டு சுழன்று நேராகப் போகும். மேலே மடக்கி நிமிர்த்தும் ஏணிக் குறிகாட்டியில் 900 கஜம் வரைக்கும் அளவு போட்டிருப்பார்கள்.

கலகம் அடங்கிய பிறகு ஆங்கிலேயர்கள் இந்தியச் சிப்பாய்க்கு அதே துப்பாக்கியைக் கொடுக்கத் தயாராக இல்லை. வெளியே பார்க்க அதே உருவம், உள்ளே வரிகளைக் கடைந்து எடுத்துத் துளையை .656 ஆக்கி வழவழப்பாக்கிவிட்டார்கள். ஏணிக் குறிகாட்டிக்குப் பதில் அசையாத சாதாரணக் குறிகாட்டி ஒன்று. இதுதான் 1858 மாதிரி. கடைந்ததில் குழல் மெலிந்துபோனதால் அடுத்த வருடமே தடித்த குழலோடு 1859 மாதிரி வந்தது. பக்கத்தில் நிற்கும் வெள்ளைச் சிப்பாயின் குண்டு போகும் தூரத்துக்கு இந்தியச் சிப்பாயின் குண்டு போகக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் இந்தியப் படைக்கு எப்போதும் ஒரு தலைமுறை பழைய துப்பாக்கியே வந்தது. 1878 முதல் 1880 வரை நடந்த ஆப்கன் போரில் வெள்ளையர் கையில் மார்ட்டினி ஹென்றி, நம் ஆட்கள் கையில் ஸ்னைடர். இதை நான் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் வரி சுரண்டப்பட்ட ஒரு குழலுக்குள் முதல் தடவை டார்ச் அடித்துப் பார்த்த அன்று, படித்ததெல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஓர் அரசாங்கம் தன் சொந்தச் சிப்பாயை நம்பாததை இரும்பிலேயே எழுதி வைத்திருக்கிறது.

நம் ஊரில் பழைய துப்பாக்கி எதைப் பார்த்தாலும் திப்பு காலத்தது, தீரன் சின்னமலை ஆட்களுடையது என்று சொல்லிவிடுவார்கள். சங்ககிரிக் கோட்டை பக்கத்தில் இருப்பதால் அந்த ஆசை இயல்புதான். ஆனால் பார்த்த உடனே ஒரு விஷயம் தெரிந்துவிடும். திப்பு இறந்தது 1799, சின்னமலையைத் தூக்கிலிட்டது 1805. அப்போது பட்டாளத்தில் இருந்தது சக்கிமுக்கித் துப்பாக்கி, அதாவது குதிரையின் வாயில் கல்லைக் கவ்வி வைத்து இரும்பில் உரசிப் பொறி பறக்கவைப்பது. தொப்பி வைத்து அடிக்கும் முறையை ஆங்கிலப் படை 1830-களின் கடைசியில்தான் எடுத்துக்கொண்டது. பழைய சக்கிமுக்கியைத் தொப்பி முறைக்கு மாற்றியதும் உண்டு. அப்படி மாற்றியிருந்தால் பக்கத் தகட்டில் அடைத்த ஓட்டைகள் தெரியும். இன்னொரு கதையும் காதில் விழும், குழல் நம் கஞ்சமலை இரும்பு என்று. ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830-களில் பரங்கிப்பேட்டையில் ஆலை வைத்துச் சேலத்து இரும்பைக் காய்ச்சி இங்கிலாந்துக்கு அனுப்பியது நிஜம். அதை வைத்து உங்கள் குழலுக்கு ஜாதகம் எழுதுபவர் விலையைக் கூட்டப் பார்க்கிறார்.

இரண்டாவது துப்பாக்கி வாங்கும் ஆசை உங்களுக்கு இருப்பதால் போலிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதலில் எழுத்தைப் பாருங்கள். பெஷாவருக்குத் தெற்கே தர்ரா ஆதம் கேல் என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாக ஆங்கிலத் துப்பாக்கிகளைக் கையாலேயே நகல் எடுக்கிறார்கள். வேலை அருமையாக இருக்கும், ஆனால் எழுத்துப் பொறிப்பதில் மாட்டிக்கொள்வார்கள். என்ஃபீல்ட் என்ற சொல்லில் 'என்' எழுத்து கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பியிருக்கும். அப்புறம் வருடம். வி.ஆர். என்றால் விக்டோரியா ராணி, 1901 ஜனவரியில் இறந்துவிட்டார். வி.ஆர். என்று போட்டு 1905 என்று இருந்தால் பேச்சே வேண்டாம். அப்புறம் திருகாணிகள். பழைய ஆணிக்கு ஒரே கோடு வெட்டுதான் இருக்கும், பிளஸ் வெட்டு இருக்காது. துருவும் ஒரு சாட்சி. நிஜமான துரு கை படும் இடத்தில் தேய்ந்தும் மடிப்புகளில் அடர்ந்தும் இருக்கும். ஆசிட் ஊற்றிய துரு எல்லா இடத்திலும் ஒரே அளவில் புள்ளி புள்ளியாக இருக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் மணிக்கணக்கில் நின்று மரத்தையும் பித்தளையையும் பாருங்கள், கண் பழகும். பழைய துப்பாக்கிகளையே பார்க்க வேண்டுமென்றால் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகமும் எழும்பூர் அருங்காட்சியகமும் இருக்கின்றன.

நண்பர் சொல்லும் .303-ஐ மறந்துவிடுங்கள். இதில் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவேன். அது பழைய பொருள் மாதிரி தெரியும், ஆனால் சட்டத்தின் கண்ணில் அது தடை செய்யப்பட்ட துளை அளவு. பட்டாளத் தோட்டா போகும் என்பதால் .303-உம் 7.62-உம் பொதுமக்களுக்குக் கிடையாது. அதனால்தான் இஷாப்பூர் தொழிற்சாலை பொதுமக்களுக்கென்று .315 என்ற வேறு அளவில் ரைபிள் செய்தது. காவல் பணிக்காக .303 ரைபிளையே மாற்றிச் செய்த .410 மஸ்கட் துப்பாக்கியும் இதே தடைக்குள் வருகிறது. தடை செய்யப்பட்ட ஆயுதத்தை அனுமதியில்லாமல் வைத்திருந்தால் 2019-க்குப் பிறகு குறைந்தது 7 வருடம், 14 வரைக்கும் போகும். தெரிந்தவர், ரிட்டயர்ட் ஆள், பேப்பர் அப்புறம் வரும் என்றெல்லாம் சொல்வார்கள். அப்படி விற்பவரிடம் பேச்சை வளர்க்கவே வேண்டாம். வரவேற்பறைக்கு ஜோடி வேண்டுமென்றால், குழல் துளையே போடாத அலங்கார மாதிரி ஒன்றைப் பில்லோடு வாங்குங்கள். துளை போட்டு ஒப்புக்கு அடைத்தது வேண்டாம்.

பெங்களூர்க்காரர் விஷயம். அவர் வெளிநாட்டு ஆள் என்று சொன்னதுமே கதவைச் சாத்தியிருக்க வேண்டும். நூறு வருடம் தாண்டிய வரலாற்றுப் பொருளைத் தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது, தொல்பொருள் சட்டம் அதை அரசுக்கு மட்டுமே விட்டிருக்கிறது. இணையத்தில் பார்த்திருப்பீர்கள், அமெரிக்காவில் 1898-க்குள் செய்த துப்பாக்கியை மேஜை நாற்காலி மாதிரி வாங்கி விற்கிறார்கள். அது அவர்கள் சட்டம். 2003-இல் காத்மாண்டுவின் பழைய அரண்மனைக் கிடங்கிலிருந்து பல்லாயிரம் மார்ட்டினிகளும் என்ஃபீல்டுகளும் அமெரிக்க வணிகர்களுக்குப் போனது நேபாள அரசு விற்றதால். அந்தக் கதையைச் சொல்லி உங்களிடம் பேரம் பேசினால் ஏமாறாதீர்கள்.

உள்நாட்டிலேயே விற்க ஒழுங்கான வழி இருக்கிறது. முதலில் உங்கள் கையில் இருப்பது சட்டப்படி இருக்க வேண்டும். பிறகு வாங்குபவரின் பெயர், முகவரியோடு கலெக்டருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழித்துத்தான் கை மாற வேண்டும். அவசரப்படுபவர் 45 நாள் காத்திருக்க மாட்டார், அதுவே அவர் யார் என்று உங்களுக்குக் காட்டிவிடும். விலை, துப்பாக்கியின் வயதைவிட அதன் முழுமையைப் பார்த்துத்தான் வரும். கம்பி அதனுடையதா, வளையங்கள் மூன்றும் இருக்கின்றனவா, கட்டையில் படைப்பிரிவு முத்திரை படிக்க முடிகிறதா, அம்பு முத்திரை இரண்டு முனையோடு முனை பார்த்து அடித்திருக்கிறதா. அந்த இரட்டை அம்பு, பட்டாளம் முறையாகக் கழித்து விற்றது என்பதற்கான அடையாளம். இருந்தால் படம் எடுத்து விண்ணப்பத்திலும் சேருங்கள்.

என்னைக் கேட்டால் விற்காதீர்கள். தாத்தா எதற்காக அதைச் சாக்கில் சுற்றி வைத்தார் என்று தெரிந்த ஒரே குடும்பம் நீங்கள்தான்.

ஒரு வேண்டுகோள், பாலிஷ் போடாதீர்கள். பிராஸோ போட்டுப் பித்தளையைப் பளபளவென்று ஆக்கினால் முத்திரைகள் கரையும், அதைத் திரும்பக் கொண்டுவரவே முடியாது. உப்புத்தாள் கிட்டேயே வரக் கூடாது. தேங்காய் எண்ணெய் பூசும் வழக்கம் மலையில் உண்டு, அது கொஞ்ச நாளில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய பருத்தித் துணியில் துப்பாக்கி எண்ணெய் இரண்டு சொட்டு, இரும்பின் மேல் மட்டும், அவ்வளவு போதும். மரத்தில் கரையான் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்காட்டில் ஜூலை முதல் டிசம்பர் வரைக்கும் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். வெளிச்சுவரில் மாட்டாமல், உட்சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டுப் பூட்டி வைக்க வேண்டும். குளிர்காயும் அடுப்புக்கு மேலே மாட்டும் படங்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், கட்டை பிளந்துவிடும். இதெல்லாம் கையில் அனுமதிக் காகிதம் வந்த பிறகு.

திங்கட்கிழமை மனுவை எழுதி ஏற்காடு ஸ்டேஷனில் கொடுங்கள். ரசீது நகலை எனக்கு அனுப்புங்கள், விண்ணப்பத்தில் பொறிப்புகளை எழுதும் இடத்தை நான் பார்த்துத் தருகிறேன். மெக்கானிக் வந்து குழல் காலி என்று சொன்ன பிறகு, அவர் முன்னாலேயே டார்ச் அடித்துப் பார்த்து ஒரே ஒரு வரி எழுதுங்கள் தம்பி: உள்ளே மூன்று வரிகள் சுழன்று போகின்றனவா, வழவழப்பாக இருக்கிறதா?